பேய் காமெடித் தொடரின் முதல் எபிசோட்: எழுதும் முறை, எடுக்கும் முறை

பேயை வைத்து நகைச்சுவைத் தொடர் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பேயால் என்னென்ன முடியும் என்று பட்டியல் போடுவதில்தான் தொடங்குகிறார்கள். சுவரைக் கடக்கும், தட்டைப் பறக்க விடும், ஆள் உடம்பில் புகுந்து பேசும். இந்தப் பட்டியலை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டலாம். அதற்குமேல் கதை நகராது. எல்லாம் செய்யக்கூடியவருக்குச் சிக்கல் வராது. சிக்கல் வராத இடத்தில் சிரிப்புக்கு வேலை இல்லை. அரைமணி நேர முதல் எபிசோட் பார்வையாளருக்குப் புரியவைக்க வேண்டியது இந்தப் பேயால் என்ன முடியாது என்பதைத்தான். அது பிடிபட்டுவிட்டால் அடுத்த எபிசோட்களுக்கான கதைகள் தானாகக் கிளம்பும்.

விக்கிரமாதித்தன் கதையில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. ராஜா பிணத்தைத் தோளில் சுமந்து வாய் திறக்காமல் நடக்க வேண்டும். வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலையும், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். இரண்டே விதிதான். எந்தப் பக்கம் போனாலும் ராஜாவுக்கு நட்டம். இந்தப் பூட்டை முதல் கதையிலேயே போட்டுவிட்டதால்தான் அதே காடு, அதே மரம், அதே இரண்டு பேரை வைத்து இருபதுக்கும் மேற்பட்ட கதைகள் சொல்ல முடிந்தது. உங்கள் தொடருக்கும் இப்படி ஒரு பூட்டு வேண்டும்.

இன்றைய தொலைக்காட்சியில் இதைச் சுத்தமாகச் செய்து காட்டியது 2019 ஏப்ரலில் பிபிசியில் தொடங்கிய 'கோஸ்ட்ஸ்'. அதை உருவாக்கிய ஆறு பேரே அதில் பேய்களாகவும் நடித்தார்கள். பட்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகை, அதில் வெவ்வேறு காலத்தில் செத்த பேய்கள், அங்கே குடிவரும் இளம் தம்பதி. பேய்களால் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. பொருளைத் தொட முடியாது. ஜூலியன் என்ற ஒரு பேயால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் எதையாவது கொஞ்சம் நகர்த்த முடியும். தம்பதியைத் துரத்தப் பேய்கள் முதல் எபிசோடில் முயற்சி செய்கின்றன. ஆனால் வந்தவர்களுக்கு எதுவும் கண்ணில் படுவதில்லை, காதில் விழுவதில்லை. அந்தத் தோல்விகளைப் பார்த்தே விதிகளைக் கற்றுக்கொள்கிறோம். யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. நீங்கள் எழுதும்போதும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு தோல்வியை எழுதுங்கள், விளக்க வசனத்தை எழுதாதீர்கள்.

விதித்தாள்

காட்சி எழுதுவதற்கு முன் ஒரு தாளில் விதிகளை எழுதிவிடுங்கள். ஐந்துக்கு மேல் போக வேண்டாம். ஆறாவது விதி வந்தால் பார்வையாளர் முதல் விதியை மறந்துவிடுவார். தாளில் பதில் இருக்க வேண்டிய கேள்விகள் இவை: பேயை யார் பார்க்கிறார், யார் கேட்கிறார்? எதைத் தொட முடியும்? எல்லை எது, அதைத் தாண்டினால் என்ன ஆகும்? சக்தியைப் பயன்படுத்தினால் பேய்க்கு என்ன செலவு? கைப்பேசி கேமராவில் விழுமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பேயைப் பார்க்கிறவர் உடனே போனை எடுத்து வீடியோ எடுக்காததற்குக் காரணம் இல்லாவிட்டால், பார்க்கிறவர் கதையை விட்டுவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருப்பார்.

சுவரைக் கடக்கிற பேய் தரைக்குள் ஏன் விழவில்லை, நாற்காலியில் எப்படி உட்காருகிறது என்ற ஓட்டை எல்லாப் பேய்த் தொடரிலும் உண்டு. அதை விளக்கப் போகாதீர்கள். விளக்க ஆரம்பித்தால் இன்னும் இரண்டு ஓட்டை திறக்கும். உட்காரும் என்றால் எப்போதும் உட்காரட்டும், கதவைக் கடக்கும் என்றால் எப்போதும் கடக்கட்டும். ஒரு காட்சியில் கதவைத் தட்டிவிட்டு அடுத்த காட்சியில் கடந்து வருவதுதான் தவறு.

சக்தி ஒன்று போதும். அதுவும் அரைகுறையாக இருந்தால் நல்லது. பேய்க்குப் பயன்படாத நேரத்தில் அது வேலை செய்ய வேண்டும், தேவைப்படும் நேரத்தில் கைவிட வேண்டும்.

உயிரோடு இருப்பவர் ஏன் ஓடிப்போகவில்லை என்பதற்கும் தாளில் ஒரு வரி வேண்டும். பேய் இருக்கும் இடத்தை விட்டுப் போவதுதான் எவரும் செய்யக்கூடியது. காரணம் பணமாக இருந்தால் பார்வையாளர் கேள்வியே கேட்க மாட்டார். கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது என்ற ஒரு வரி, பூர்வஜென்ம பந்தத்தைவிட உறுதியான கயிறு.

பேய் இருப்பது எப்போது தெரிய வேண்டும்?

எபிசோடின் வடிவம் முழுவதையும் தீர்மானிக்கும் முடிவு இதுதான். வழிகள் மூன்று.

முதல் நொடியிலேயே எல்லாருக்கும் தெரிந்திருப்பது ஒன்று. 2016இல் வந்த 'தி குட் பிளேஸ்' அப்படித்தான் திறக்கிறது. நாயகி கண் விழிக்கும்போதே இறந்துபோயிருக்கிறாள், அதை அவளிடம் அமைதியாகச் சொல்கிறார்கள். அதிர்ச்சிக்குச் செலவாகும் நேரம் மிச்சம். ஆனால் உலகம் புதியது என்பதால் வேறு ஒரு ரகசியம் உடனே கையில் இருந்தாக வேண்டும். அங்கே அந்த ரகசியம், தவறுதலாக வேறொருத்தியின் இடத்துக்குத் தான் வந்துவிட்டோம் என்பது.

எபிசோடின் முதல் பாதியில் உடைப்பது இரண்டாவது வழி. 1964 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'பிவிட்ச்ட்' முதல் எபிசோட் இதற்கு இன்றும் சிறந்த மாதிரி. இருவர் சந்திப்பதையும் காதலிப்பதையும் கல்யாணம் கட்டுவதையும் கதைசொல்லியின் குரல் சில நிமிடங்களில் தள்ளிவிடுகிறது. முதலிரவில் சமந்தா தான் சூனியக்காரி என்று கணவனிடம் சொல்கிறாள். இனி மந்திரமே கூடாது என்கிறான் டேரின். அவளும் ஒப்புக்கொள்கிறாள். ஆனால் எபிசோட் முடிவதற்குள், டேரினின் பழைய காதலி விருந்துக்கு அழைத்து அவமானப்படுத்தும்போது, சத்தியம் உடைகிறது. வாக்குக் கொடுத்ததையும் அதை மீறியதையும் ஒரே எபிசோடில் காட்டிவிட்டார்கள். அந்த ஒரு இழுபறியை வைத்துக்கொண்டு 254 எபிசோட் ஓடியது.

மூன்றாவது, பார்வையாளருக்கு முதலிலேயே காட்டிவிட்டு, பாத்திரத்துக்கு மட்டும் கடைசியில் காட்டுவது. 'கோஸ்ட்ஸ்' எடுத்த வழி இது. இதில் எபிசோட் முழுவதும் பேய்கள்தான் நாயகர்கள், உயிரோடு இருப்பவர்கள் தொல்லை. நடிகர் கூட்டம் பெரிதாக இருந்தால் இது பொருந்தும். இரண்டு மூன்று பேரை வைத்து எடுப்பவர்கள் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொள்வது நல்லது. பேய் யாரோடும் பேச முடியாத காட்சிகள் பதினைந்து நிமிடம் நீண்டால், ஒரே ஒரு பேய் தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கும்.

எந்த வழியானாலும், பேய் தெரியத் தொடங்கும் விபத்து மற்றவர்கள் திரும்பச் செய்ய முடியாததாக இருக்கட்டும். ஒரு டீ குடித்தால் பேய் தெரியும் என்று வைத்தால் இரண்டாம் எபிசோடில் எல்லாரும் அந்த டீயைக் குடிப்பார்கள்.

ஒரு மாதிரிக் கதை

இனி வரும் படிகளுக்கு ஒரு கதையைக் கையில் வைத்துக்கொள்வோம். இடம் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். வேலை தேடி ஊரிலிருந்து வரும் ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் கட்டடம். ஒரே கட்டடத்தில் அறை, நடை, மொட்டை மாடி, மேனேஜர் மேசை எல்லாம் இருப்பதால் படப்பிடிப்பு ஓரிடத்தில் முடியும். தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்துபோகிற இடம் என்பதால் எந்தக் காலத்துப் பேயையும் வைக்கலாம்.

பேய் அனந்தன். 1978இல் டைப்பிஸ்ட் வேலை இன்டர்வியூவுக்கு வந்தவன், பாத்ரூமில் சோப்பு வழுக்கி விழுந்து செத்தான். வயது 26. அவன் சக்தி: சுவிட்சை அணைக்க முடியும், போட முடியாது. எல்லை: மேன்ஷனின் இரும்புக் கேட். உயிரோடு இருப்பவன் சரவணன், சிவகங்கைப் பக்கத்திலிருந்து நேற்று வந்தவன், மூன்று மாத அட்வான்ஸ் கட்டிவிட்டான். ஈரக்கையோடு சரவணன் ஒரு சுவிட்சைத் தொடும் அதே நொடியில் அனந்தனும் அதை அணைக்கிறான். ஷாக் அடிக்கிறது. அதிலிருந்து சரவணன் கண்ணுக்கு மட்டும் அனந்தன் தெரிகிறான்.

அணைக்க மட்டும் முடியும் என்பதைக் கவனியுங்கள். புழுக்கமான இரவில் மின்விசிறியை அணைத்தால் தொல்லை. அதே சக்தி, அயர்ன் பாக்ஸை மறந்துவிட்டு சரவணன் வெளியே போகும்போது கட்டடத்தைக் காப்பாற்றும். எபிசோடின் தொடக்கத்தில் தீமை செய்த சக்தி முடிவில் நன்மை செய்தால், இருவரும் சேர்ந்திருக்கப் போவதற்கு வசனமே தேவையில்லை.

அனந்தனுக்கு இரண்டு ஆசை வேண்டும். எபிசோடுக்கான ஆசை: அறை எண் 14 காலியாக வேண்டும். தொடருக்கான ஆசை: இன்டர்வியூ முடிவு என்ன ஆனது என்று தெரிய வேண்டும். முதலாவது 24 நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். இரண்டாவதை முதல் எபிசோடில் ஒரே ஒரு முறை, போகிற போக்கில் தொட்டால் போதும். எழுதுகிறவருக்குப் பிடித்தது பெரும்பாலும் இரண்டாவது ஆசைதான், அதனால் கனமான பிளாஷ்பேக்கை முதல் எபிசோடிலேயே கொட்டிவிடத் தோன்றும். கொட்டினால் சிரிப்பு நின்றுபோகும், அடுத்து எடுத்துக் கொடுக்கவும் கையில் ஒன்றும் இருக்காது.

நிமிடக் கணக்கு

விளம்பரத்தோடு அரைமணி நேரம் என்றால் கதைக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடம். விளம்பரம் இல்லாத ஓடிடி தளத்தில் 28 வரை போகலாம். 24 நிமிடத்துக்கு எழுதினால் எந்தப் பக்கமும் வெட்டி ஒட்ட வசதி. மாதிரிக் கதை இப்படிப் பிரியும்:

0:00 முதல் 1:30 வரை: 1978. இஸ்திரி போட்ட சட்டை, டிரான்சிஸ்டர் ரேடியோ, பாத்ரூம் கதவு மூடுகிறது, ஒரு சத்தம். விழுவதைக் காட்ட வேண்டாம்.
1:30 முதல் 5:00 வரை: சரவணன் வருகை, மேனேஜர், அட்வான்ஸ், 'லைட்டை அணைத்துவிட்டுச் செல்லவும்' என்ற அறிவிப்புப் பலகை.
5:00 முதல் 9:00 வரை: மூன்று முறை அணைப்பு. முதலில் மின்விசிறி, பிறகு விளக்கு, பிறகு போன் சார்ஜர். மூன்றாவது அணைப்பால் அலாரம் அடிக்காமல் சரவணன் இன்டர்வியூவைத் தவறவிடுகிறான்.
9:00 முதல் 10:00 வரை: ஷாக், முதல் பார்வை.
10:00 முதல் 16:00 வரை: நம்ப மறுப்பு, சோதனை, கேட் வரை ஓட்டம், மேனேஜரிடம் முறையீடு.
16:00 முதல் 21:00 வரை: அயர்ன் பாக்ஸ்.
21:00 முதல் 24:00 வரை: சமரசம், அடுத்த எபிசோடுக்கான கதவு.

நடுவில் இருக்கும் ஆறு நிமிடம்தான் எபிசோடின் உயிர். பயந்து அலறுவதை இருபது நொடிக்கு மேல் நீட்ட வேண்டாம். சரவணன் எவ்வளவு சீக்கிரம் பேயோடு வாதாட ஆரம்பிக்கிறானோ அவ்வளவு நல்லது. கேட் வரை அவன் ஓடுவதும், துரத்தி வந்த அனந்தன் கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிடுவதும் எல்லை விதியைச் சொல்லிவிடும். வெளியே சாலையில் நிற்கும் சரவணனுக்கு அப்போதுதான் பர்ஸ் அறையில் இருப்பது நினைவுக்கு வரட்டும்.

ஆங்கிலத் திரைக்கதைக்கு ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு உண்டு. தமிழில் இதை நம்ப முடியாது. எழுத்து அகலமானது, பேச்சு வழக்கில் எழுதினால் வரிகள் மடங்கும், ஆனால் வாதாடும் காட்சியில் பேச்சு வேகமாக ஓடும். ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது மட்டுமே நம்பகமான அளவு. செய்கையால் நகரும் காட்சிகளைக் கண்ணை மூடி மனதில் ஓட்டி நேரம் குறியுங்கள். அணைப்புக் காட்சிகள் தாளில் அரைப் பக்கம்தான் இருக்கும், திரையில் ஒரு நிமிடம் தாண்டும்.

மூவர் காட்சி

பேயைப் பார்க்கிறவர், பார்க்காதவர், பேய். இந்த மூவரும் ஒன்றாக நிற்கும் காட்சி முதல் எபிசோடில் கட்டாயம் ஒன்று இருக்க வேண்டும். இந்த வகைத் தொடரின் ஆதாரமான சிரிப்பு அங்கேதான் இருக்கிறது, பெரும்பாலான வரைவுகள் சொதப்புவதும் அங்கேதான். வழக்கமான தவறு, பார்க்காதவர் 'யார்கிட்ட பேசுற? பைத்தியமா?' என்று கேட்பது. ஒரு முறை கேட்டால் பரவாயில்லை. மூன்று காட்சியில் கேட்டால் அவர் முட்டாளாகிவிடுகிறார். மனநோயைக் கேலி செய்யும் பக்கமாகவும் காட்சி சரிகிறது. பார்க்காதவர் தன் காதில் விழுந்ததை வைத்துத் தனக்கென்று ஒரு அர்த்தம் கட்டிக்கொள்ள வேண்டும்.

மேனேஜர்: ரூம்ல என்ன தம்பி குறை?
அனந்தன்: ஒரு குறையும் இல்லன்னு சொல்லு.
சரவணன்: நீங்கதான் குறையே.
மேனேஜர்: நானா? நான் என்னப்பா பண்ணேன்?
அனந்தன்: அட்வான்ஸைக் கேட்காதே. இவன் அப்பன் காலத்துலயே திருப்பித் தந்ததில்ல.
சரவணன்: நீங்க உயிரோட இருந்தப்பவும் இப்படித்தானா?
மேனேஜர்: (நெஞ்சைத் தொட்டுப் பார்த்தபடி) இப்ப எனக்கு என்ன ஆச்சு?

சோதனை இதுதான்: அனந்தனின் வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டு மேனேஜர், சரவணன் வரிகளை மட்டும் படியுங்கள். அது தன்னளவில் முழு உரையாடலாக, விபரீதமாக, ஆனால் தர்க்கத்தோடு ஓட வேண்டும். அடுத்து அடித்த வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். இப்போது வேறு ஒரு உரையாடல் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று தேறாவிட்டால் காட்சியை மறுபடி எழுத வேண்டும். தவறான புரிதலுக்கு ஒரு விளைவும் இருக்கட்டும். தன் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்த மேனேஜர் அடுத்த காட்சியில் இசிஜி எடுக்கக் கிளம்பினால், அயர்ன் பாக்ஸ் காட்சியில் கட்டடத்தில் யாரும் இல்லாததற்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது.

மேலே சரவணன் 'நீங்க' என்பதும் அனந்தன் 'சொல்லு' என்பதும் கணக்கோடு வைத்தவை. பார்த்தால் இருவருக்கும் ஒரே வயது. ஆனால் அனந்தன் 1952இல் பிறந்தவன், சரவணனின் தாத்தா வயது. 'வா, போ' என்று ஆரம்பிக்கும் சரவணனை 'சார்னு கூப்பிடு' என்று அவன் மிரட்டலாம். யார் யாரை எப்படி அழைப்பது என்பதை விதித்தாளிலேயே எழுதிவையுங்கள். படப்பிடிப்பில் நடிகர் வாய்தவறி மாற்றினால் எடிட்டிங்கில் சரிசெய்ய வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. மரணத்துக்கான காரணத்தைச் சிரிப்பாக்கலாம், மரணத்தால் யாருக்கோ ஏற்பட்ட இழப்பைச் சிரிப்பாக்கக் கூடாது. சோப்பு வழுக்கியது சரி. தற்கொலை, வரதட்சணைச் சாவு, சாதிக்கொலை இவற்றில் செத்தவரைக் காமெடிப் பேயாக வைத்தால், அப்படி ஒருவரை இழந்த வீட்டில் அது ஓடும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாமியாடுகிறவரைக் கேலிப் பாத்திரமாக நுழைப்பதும் சோம்பேறித்தனம்.

உடை, முகம்

செத்தபோது போட்டிருந்த உடைதான் எப்போதும் என்ற விதி 'கோஸ்ட்ஸ்' தொடருக்கு அடையாளத்தைக் கொடுத்தது: ஒருவர் கழுத்தில் அம்பு, ஒருவருக்குக் கால்சட்டை இல்லை, ஒருவருக்குத் தலை தனியாக. பார்த்த மாத்திரத்தில் செத்த விதம் தெரிகிறது, பெயர் நினைவில்லாவிட்டாலும் ஆள் மறக்காது. முதல் எபிசோடில் பல பேய்களை இறக்குவதாக இருந்தால் இப்படி ஒரு அடையாளம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். அனந்தனுக்கு: இன்டர்வியூவுக்கு எடுத்துவைத்த அகலக் காலர் சட்டை, இடுப்பில் துண்டு, தலையில் காயாத சோப்பு நுரை.

ஒரே உடை என்றால் செலவு குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒரே துணியில் மூன்று செட் தைக்க வேண்டும். சென்னை வெயிலில் ஒரு செட் இரண்டு மணி நேரத்தில் வியர்வையில் நனைந்துவிடும், செத்தவனுக்கு அக்குளில் ஈரம் இருக்கக் கூடாது. மூன்றையும் ஒன்றாகத் துவையுங்கள், இல்லாவிட்டால் சாயம் வெவ்வேறாக வெளுக்கும். நுரைக்கு உண்மையான சோப்பைப் பயன்படுத்தினால் சூட்டில் சில நிமிடத்தில் அடங்கிவிடும், கண்ணிலும் எரியும். ஷேவிங் ஃபோம் நின்று பிடிக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் புகைப்படம் எடுத்து அதே வடிவில் வையுங்கள்.

முகத்தில் வெள்ளை மாவு வேண்டாம். ஹெச்டியில் அது முகமூடியாகத் தெரியும், முகத்தசை அசைவது மறையும். காமெடி நடிகரின் மூலதனமே அந்த அசைவுதான். உதட்டுச் சிவப்பையும் கன்னத்துச் சிவப்பையும் குறைத்தால் போதும். இதே காரணத்துக்காகப் பேயை அரைவெளிச்சமாக, ஊடுருவித் தெரியும்படி காட்டுவதும் வேண்டாம்.

கேமராவுக்கு முன்னால்

தோன்றுவது, மறைவது இரண்டுக்கும் அறுபது ஆண்டுக்கு முன் 'பிவிட்ச்ட்' பயன்படுத்திய உத்தியே இன்றும் போதும். கேமராவை அசையாமல் பூட்டி, நடிகர்களை உறையச் சொல்லி, பொருளையோ ஆளையோ மாற்றிவிட்டு, மறுபடி நடிக்க வைத்து, இடைப்பட்ட பகுதியை வெட்டிவிடுவது. சமந்தா மூக்கைச் சுழிப்பது வெட்டு வரப்போகும் இடத்தைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கூடவே ஒரு ஓசை. செய்கையும் ஓசையும் சேர்ந்தால் கண் தையலைத் தேடாது.

படி இப்படி: முக்காலியில் மணல் மூட்டை தொங்கவிடுங்கள். ஃபோகஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஷட்டர் (ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) நான்கையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 பிரேமில் ஷட்டர் 1/50 வைத்தால் டியூப் லைட் மினுக்காது. ரெக்கார்டிங்கை நிறுத்தாதீர்கள்; பொத்தானைத் தொட்டாலே கேமரா ஒரு நூலளவு நகரும். ஆள் மாறியபின் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன் ஐந்து நொடி ஓடவிடுங்கள். ஆள் இல்லாத வெற்றுப் பிரேமையும் பத்து நொடி எடுத்துவையுங்கள், பின்னால் ஏதாவது அழிக்க வேண்டியிருந்தால் அதுதான் கைகொடுக்கும்.

நம் அறைகளில் இது கெடுவது பெரும்பாலும் மின்விசிறியால். இறக்கைகளின் நிழல் சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும், வெட்டும் இடத்தில் துள்ளும். விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். கொடியில் காயும் துணி, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள், ஜன்னலில் மேகம் மாறும் வெளிச்சம் மூன்றையும் பாருங்கள். பழைய கட்டடத்தில் மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்கி விளக்கு மங்கும். பேட்டரி எல்இடி வைத்துக்கொண்டால் அந்தத் தலைவலி இல்லை.

விசிறி அணையும் காட்சிக்கு மட்டும் அதை ஓடவிடத்தான் வேண்டும். அங்கே வெட்டவே வேண்டாம். இறக்கைகள் மெல்ல மெல்ல நிற்பதைப் படுத்திருக்கும் சரவணன் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒற்றை ஷாட். நெற்றியில் முதல் வியர்வை துளிர்க்கும்வரை காத்திருங்கள்.

பொருள் தானாக நகர தூண்டில் நரம்பு போதும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் நரம்பு பளிச்சிடும், அதனால் விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, நரம்பைப் பின்சுவரின் நிற மார்க்கரால் தேய்த்துவிடுங்கள். மேலிருந்து தூக்குவதைவிடத் தரை மட்டத்தில் இழுப்பது எளிதில் மறையும். சுவர் வழியாக நுழைவதற்கு எந்த உத்தியும் வேண்டாம்: மூடிய கதவு ஒரு ஷாட், சரவணன் திரும்பினால் அனந்தன் கட்டிலில் உட்கார்ந்திருப்பது அடுத்த ஷாட்.

பேயைப் பார்க்காதவராக நடிப்பது இந்தப் படப்பிடிப்பிலேயே கடினமான வேலை. எதிரே ஆள் நின்றால் கண் தானாக அவர் முகத்தில் போய் நிற்கும். முகத்துக்கு முன் கை வந்தால் இமை கொட்டும். நடிகருக்கு, பேயின் தலைக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி ஒரு டேப் ஒட்டி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். தூரத்தைப் பார்க்கும் கண்ணும் பக்கத்தைப் பார்க்கும் கண்ணும் திரையில் வேறாகத் தெரியும். முதல் நாள் ஒத்திகையில் இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

மேன்ஷன் அறை பத்துக்கு எட்டு அடிதான் இருக்கும். கேமரா, பூம் (நீளக் கம்பில் தொங்கும் மைக்), விளக்கு, இரண்டு நடிகர்கள் ஒன்றாக அடங்க மாட்டார்கள். அகல லென்ஸ் போட்டுச் சமாளித்தால் முகம் கோணும். நடைபாதைப் பக்கம் ஜன்னலும் கதவும் உள்ள அறையாகத் தேர்ந்தெடுத்து வெளியிலிருந்து எடுங்கள். வசதி இருந்தால் ஒரு சுவரைக் கழற்றக்கூடிய செட் போடலாம்.

ஒளியமைப்பில் பயமுறுத்தும் ஆசையை அடக்குங்கள். முகத்துக்குக் கீழிருந்து வரும் விளக்கு சிரிப்பைக் கொல்லும். இருட்டு பின்னணியில் இருக்கட்டும், முகம் தெளிவாக இருக்கட்டும். பேயும் மனிதனும் ஒரே பிரேமில் இருக்கும் இருவர் ஷாட்டை ஒவ்வொரு காட்சிக்கும் எடுத்துவிடுங்கள். தனித்தனி குளோசப்பாக வெட்டினால் பார்க்காதவரின் அலட்சியமும் பேயின் தவிப்பும் ஒன்றாகத் தெரியாது.

வாசிப்பும் வெட்டும்

படப்பிடிப்புக்கு முன் கதை தெரியாத ஆறேழு பேரை உட்காரவைத்துத் திரைக்கதையை நடிகர்களைக் கொண்டு படிக்கவையுங்கள். சிரித்த இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். முடிந்ததும் 'நல்லா இருந்ததா' என்று கேட்காதீர்கள். அனந்தனால் என்ன முடியாது, சரவணன் ஏன் கிளம்பவில்லை, அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தால் அணைப்புக் காட்சிகளில் குழப்பம் இருக்கிறது. அணைக்க முடிந்தவன் போட முயன்று தோற்பதை இன்னும் ஒரு முறை காட்ட வேண்டும்.

ஒலியில், பேயின் குரலுக்கு எதிரொலி சேர்க்க வேண்டாம். வேகமான வாதத்தில் எதிரொலி அடுத்தவர் வசனத்தின் முதல் அசையைத் தின்றுவிடும். சுவிட்ச் ஓசையைத் தனியாக, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து, பழைய கருப்பு பேக்கலைட் (கெட்டியான பழைய வகை பிளாஸ்டிக்) சுவிட்சில் பதிவுசெய்து எல்லா அணைப்புக்கும் அதையே போடுங்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு அனந்தனைக் காட்டாமலே ஓசையை மட்டும் வைத்து அவன் அறையில் இருப்பதைச் சொல்லலாம்.

எடிட்டிங்கில் முதலில் கை வைக்க வேண்டியது அனந்தன் மறையும் இடங்கள். சரவணன் இமை மூடும் பிரேமில் வெட்டினால் மறைவது இயல்பாகத் தெரியும். இமை திறந்த பிரேமில் வெட்டினால் படம் துள்ளியது போலிருக்கும். அடுத்த எபிசோடுக்கான கடைசிக் காட்சி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கும் மற்ற மூன்று பேய்கள் சரவணனைத் திரும்பிப் பார்ப்பது, இருபது நொடியைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கு வசனம் கொடுத்தால் பெயர், காலம், செத்த விதம் எல்லாம் விளக்க வேண்டிவரும். ஒருவர் சீட்டை இறக்கட்டும், பெயர்ப்பட்டியல் ஓடட்டும்.